தேசபக்தன் கோ. நடேசய்யர்: தோட்டத்து வாயிலைத் திறந்த பெருந்தொண்டர்

மலைநாட்டிலே தொழிற்சங்கம் என்ற சொல்லை அறியாத வீடு இன்று இல்லை. சம்பளச் சீட்டிலே சந்தாப் பணம் கழிக்கப்பட்டிருப்பதைச் சிறு பிள்ளையும் சுட்டிக்காட்டும். ஆனால் இந்தச் சங்கம் என்னும் விதையை இம்மலைகளில் முதன்முதல் ஊன்றியவர் யார் என்று நம் இளைஞரைக் கேட்டால், விடை சொல்வோர் வெகு சிலரே. பெரியவர்களுக்குப் பெயர் நினைவிருக்கும், வரலாறு மங்கியிருக்கும். ஆகவே இவ்வாண்டு மலரிலே கோ. நடேசய்யர் அவர்களின் வாழ்க்கைச் சரிதையைச் சுருக்கமாக எடுத்துரைக்க முன்வந்துள்ளோம்.

அவர் செய்த தொண்டின் அருமையை உணர வேண்டுமானால், அக்காலத் தோட்டம் எத்தன்மையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை ஆகிய சீமைகளிலிருந்து நம் முன்னோரை அழைத்து வந்தவன் கங்காணி. வழிச் செலவும் முன்பணமும் அவர்கள் தலையிலேயே கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல விரும்பினால், பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டு முன்னே செல்லும். புதிய தோட்டத்துத் துரை அக்கடனைக் கட்டினால்தான் ஆள் கைமாறுவான். பற்றுச்சீட்டு இல்லாதவனுக்கு வேலை கிடையாது. தோட்டத்துப் பாதையும் லயமும் துரையின் உடைமை. உத்தரவின்றி உள்ளே காலடி வைக்கும் வெளியாள் அத்துமீறிய குற்றத்திற்கு ஆளாவான். பெரட்டுக் களத்திலே தப்புச் சத்தம் கேட்டது முதல் இருட்டும் வரை உழைத்த மக்களுக்கு, வெளியுலகத்தின் குரல் எட்டாதபடி அந்த வாயில் அடைபட்டிருந்தது.

இவ்வாயிலைத் திறக்க வந்தவர் ஒரு தஞ்சாவூர்ப் பிராமணர். 1887ஆம் ஆண்டு பிறந்த நடேசய்யர், தஞ்சையிலே வர்த்தகக் கல்வி கற்பித்த ஆசிரியர். வர்த்தகம் பற்றிய பத்திரிகை ஒன்றையும் நடத்தியவர். வர்த்தகர் சங்க விழா ஒன்றின் பொருட்டு 1915இல் கொழும்புக்கு வந்தார். தோட்டத்துத் தமிழர் படும் பாட்டைக் கேள்வியுற்றதும், நேரிற் காண வேண்டும் என்ற வேட்கை அவருக்கு உண்டாயிற்று. காண்பது எங்ஙனம்? புடவை மூட்டை சுமந்து வரும் வியாபாரிக்குத் தோட்டத்திலே தடை இல்லை. ஆகவே நடேசய்யரும் துணி விற்பவராக வேடம் பூண்டார். லயத்து வாசல்களிலே மூட்டையை அவிழ்த்து வைத்து, மக்களின் வாழ்வையும் வருவாயையும் கடனையும் கேட்டறிந்தார்.

இச்செயலை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாதியின் வேலிகள் மிக உயரமாக இருந்த காலம் அது. அக்காலத்தில், தான் பிறந்த குலத்தின் மேன்மை பேசாமல், ஏழைத் தொழிலாளியின் காம்பிரா வாசலிலே சென்று அமர்ந்தார் அவர். கணக்கு வழக்கைக் கற்பித்த ஆசிரியரின் கண்ணுக்கு, பத்து வருடம் உழைத்தும் தீராத கடன் எங்கே பிழைபடுகிறது என்பது விளங்காமலா இருந்திருக்கும்? மேடை ஏறிப் பேசுவதற்கு முன் அவர் செய்த முதல் வேலை, கேட்டுத் தெரிந்துகொண்டதே ஆகும்.

பின்னர் இலங்கையிலேயே குடியேறினார். 1921இல் தேசநேசன் பத்திரிகையின் ஆசிரியரானார். 1924இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். அப்பெயரே அவருக்கும் பட்டமாக நிலைத்துவிட்டது. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது; எனினும் கடனும் கங்காணி ஆட்சியும் ஒழிந்துவிடவில்லை. கொழும்புத் தொழிலாளரின் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க அவர்களோடு தோளோடு தோள் நின்று சில ஆண்டுகள் உழைத்தார். குணசிங்க அவர்களின் இயக்கம் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது இருவரும் பிரிந்தனர். சிங்களத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே அணியாக நின்றிருக்கக் கூடிய நல்வாய்ப்பு அப்பிரிவினால் நழுவியது. அந்த இழப்பை நாடு நெடுங்காலம் சுமந்தது.

1925இல் சட்ட நிரூபண சபைக்கு இந்தியரின் பிரதிநிதியாகத் தெரிவு செய்யப்பட்டார். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அச்சபையிலே நிறைவேறியது. அதன்படி 1929 முதல் உயர் மலைநாட்டுத் தோட்டங்களிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று விதிக்கப்பட்டது. கொழுந்து பறித்த பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பிலும் மலிவாக மதிக்கப்பட்டதை இன்றைய பெண்மக்கள் கவனிப்பார்களாக. அந்தச் சிறு தொகையும் நிலைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்தது, தேயிலை விலை வீழ்ந்தது, சம்பளமும் வெட்டப்பட்டது.

சபையிலே வாதாடுவதால் மட்டும் ஆவது ஒன்றுமில்லை, தொழிலாளர் தாமே ஒன்றுபட வேண்டும் என்று கண்ட நடேசய்யர், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். கொழும்பை விட்டு அட்டனுக்கே வந்து குடியிருந்தார். தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதற் சங்கம் இதுவே.

இங்கே அவர் துணைவியார் மீனாட்சியம்மையைப் போற்றாமற் செல்வது தகாது. பத்திரிகைப் பணியிலும் மேடைப் பணியிலும் கணவருக்குச் சமமாக நின்றவர் அவர். கூட்டங்களிலே பாரதியார் பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடுவார். எழுத்தறியாத மக்களிடம் சட்டத்தின் பிரிவுகளைச் சொன்னால் ஏறாது. பாட்டாகச் சொன்னால் மறுநாள் கொழுந்து மலையிலே அது ஒலிக்கும். இதனை அத்தம்பதியர் நன்கு உணர்ந்திருந்தனர். ஐயரும் தொழிலாளரின் உரிமைகளையும் கடமைகளையும் விளக்கி எளிய தமிழிலே சிறு நூல்கள் எழுதினார், நாடகமும் எழுதினார். படிக்கத் தெரிந்த ஒருவன் கையில் அத்தகைய நூல் கிடைத்தால், லயத்து விளக்கைச் சுற்றி அமர்ந்த பத்துப் பேருக்கு அதன் பொருள் போய்ச் சேரும்.

அப்படிப் படித்துக் காட்டியவர்களின் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. சங்கத்திலே சேர்ந்தான் என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் அன்றே காம்பிராவும் போகும். சட்டி பானையோடு மனைவி மக்களை ரோட்டில் நிறுத்தும் அபாயத்தை அறிந்தும் சந்தா சேர்த்தவர்கள், கூட்டத்துக்கு ஆள் திரட்டியவர்கள், இரவோடிரவாகத் துண்டுப் பிரசுரம் கொண்டுபோனவர்கள் அவர்கள். தலைவரின் படம் மாட்டப்படும் சுவரிலே இவர்களுக்கும் இடம் உண்டு என்பது எங்கள் கருத்து.

1936 முதல் 1947 வரை அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலே வீற்றிருந்து வாதாடினார். அவர் ஊன்றிய விதை பிறர் தோட்டத்திலும் முளைத்தது. 1940இல் நம் ஊவாவிலே, பதுளை வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் சமசமாஜக் கட்சியினரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்து, தமக்கெனச் சபை ஒன்றையும் தெரிவு செய்தனர். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரசும் தொழிற்சங்கம் அமைத்து விரைந்து வளர்ந்தது.

உண்மையைச் சொல்லுமிடத்து, அவ்வளர்ச்சியில் நடேசய்யருக்குப் பங்கு கிட்டவில்லை. அவருடைய சங்கம் பெரும்பாலும் அவர் ஒருவரின் ஆற்றலையே நம்பி நின்றது. தோட்டந்தோறும் பொறுப்பேற்க வல்ல அடுத்த வரிசைத் தொண்டர் போதிய அளவு உருவாகவில்லை. அதனால் துரைமாரின் எதிர்ப்பும் பொருளாதார மந்தமும் ஒருங்கே தாக்கியபோது சங்கம் தளர்ந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே காங்கிரஸ் எழுவரை வெற்றிபெறச் செய்தது, பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா அவர்கள் பாராளுமன்றம் சென்றார். அதே தேர்தலிலே, அம்மக்களுக்காக முதற் குரல் கொடுத்த நடேசய்யர் தோல்வியுற்றார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் திகதி காலமானார். மறு ஆண்டிலே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. அக்கொடுமையைக் காணும் துயரம் மட்டும் அவருக்கு நேரவில்லை.

துணி மூட்டையோடு அவர் நுழைந்த அந்த வாயில் சட்டப்படி எப்போது திறந்தது தெரியுமா? தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் செல்லும் உரிமையை உறுதி செய்த சட்டம் 1970இல் தான் நிறைவேறியது. அவர் மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. மறக்கப்பட்டிருந்த அவர் வரலாற்றை எழுத்தாளர் சாரல் நாடன் தேடித் தொகுத்து 1988இல் நூலாக்கினார். அப்பணிக்கு மலையகம் கடமைப்பட்டுள்ளது.

கொஸ்லந்தையில் வாழும் நமக்கு இச்சரிதை பழங்கதையாகத் தோன்றலாகாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, மீரியபெத்த லயங்களின் மேல் மலை சரிந்ததை நாம் மறப்போமா? அந்நிலம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் ஆராய்ச்சியாளர் எச்சரித்திருந்தனர். அவ்வெச்சரிக்கை குடும்பந்தோறும் விளங்கும்படி எட்டியிருக்குமானால், மாற்று நிலமும் அதனோடு கிடைத்திருக்குமானால், எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும்! வெளியே எழுதப்பட்டது லயத்துக்குள் சேராமல் நிற்கும் இடமே அடைபட்ட வாயில். நடேசய்யர் காலத்தில் அதனைக் காவற்காரன் அடைத்தான். நம் காலத்தில் கவலையின்மை அடைக்கிறது.

ஆகவே இளைஞர்களே, சேற்றிலே இறங்கி மண்ணை அகற்றிய கைகளுக்கு வேறு வேலையும் காத்திருக்கிறது. சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு அதை வாசித்து விளக்குங்கள். சேமலாப நிதிக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுங்கள். அரசாங்கக் கடிதம் வந்தால் அதன் பொருளைச் சொல்லுங்கள். காணிக்கும் வீட்டிற்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எந்தச் சங்கத்து அங்கத்தவர் என்று கேளாது செய்யுங்கள். கோயில் திருவிழாவுக்குத் தொண்டர் படை திரட்டும் நம் மன்றம் இதற்கும் திரட்ட வல்லது. மூத்தோர் தம் அனுபவத்தைச் சொல்லி வழிகாட்டுவார்களாக.

தொண்டு ஒருவர் தோளில் மட்டும் தங்கினால் அவரோடு முடியும். பலர் கையேறினால் நிலைக்கும். தேசபக்தன் நடேசய்யரின் வாழ்வு நமக்கு விட்டுச் சென்ற பாடம் இது. அவர் நாமம் வாழ்க! அவர் தொடங்கிய பணி நம் கைகளால் வளர்க!