காட்ஸில்லாவை நடக்க வைத்தவர்

டி.வி.யில் காட்ஸில்லா படம் போட்டா வாயைப் பிளந்து பார்ப்போம் இல்லையா? அந்த ராட்சச மிருகத்தை முதன்முதலில் திரையில் நடக்க வைத்தவர் ஜப்பானைச் சேர்ந்த எய்ஜி சுபுராயா. அவர் வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கலாம், வாங்க.

இவர் 1901 ஜூலையில் புகுஷிமாவில் உள்ள சுககாவா என்ற ஊரில் பிறந்தார். மூணு வயசிலேயே அம்மா இறந்துட்டாங்க. பாட்டிதான் வளர்த்தாங்க. சின்ன வயசில் அவருக்கு விமானம்னா உயிர். தானே பொம்மை விமானம் செய்வார். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியிலும் சேர்ந்தார். ஆனா அங்கே பாடம் சொல்லித் தந்தவர் விபத்தில் இறந்துபோக, பள்ளியையே மூடிட்டாங்க. அப்புறம் சினிமாவில் கேமரா உதவியாளர் ஆனார்.

1933-இல் வெளிவந்த கிங் காங் என்ற அமெரிக்கப் படம் அவர் மனசை மாற்றியது. ஒரு பொம்மைக் குரங்கை எப்படி உயிரோடு அசைய வைத்தார்கள் என்று அந்தப் பிலிமை ஒவ்வொரு படமாகப் பார்த்துப் படித்தார்.

பிறகு போர் வந்தது. 1942-இல் ஜப்பானின் போர்ப் பெருமையைச் சொல்லும் படத்துக்காக, பொம்மைக் கப்பல்களை வைத்தே பேர்ல் துறைமுகத் தாக்குதலை நிஜம் மாதிரி காட்டினார். பெரிய பெயர் கிடைத்தது. ஆனா போரில் ஜப்பான் தோற்றதும், இப்படிப்பட்ட படங்களில் வேலை செய்ததால் 1948-இல் அவர் ஸ்டுடியோவை விட்டுப் போக வேண்டியதாயிற்று. கிடைத்த வேலையைச் செய்து காலம் தள்ளினார்.

1954-இல் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடி படகின் மேல் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள், ஒருவர் இறந்தே போனார். அதே வருஷம்தான் காட்ஸில்லா படம் உருவானது. கடலுக்குள் கிடந்த ஆதிகால மிருகம் குண்டுச் சோதனையால் எழுந்து வந்து டோக்கியோவை அழிப்பதுதான் கதை. இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. மிருகமும் அழிவும் சுபுராயாவின் வேலை.

கிங் காங் மாதிரி பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் படம் எடுக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால ரப்பரில் உடை செய்து, அதுக்குள்ளே ஒரு ஆளை நிற்க வைத்தார். முதல் உடை சுமார் 100 கிலோ! உள்ளே இருந்த ஹருவோ நகாஜிமா வெக்கையில் மயங்கியே விழுந்திருக்கார். டோக்கியோ கட்டடங்களை 25-இல் ஒரு பங்கு அளவில் செய்தார்கள். குட்டிக் கட்டடம் டக்குனு விழுந்திடுமே? அதனால வேகமா படம் பிடித்து, சாதாரண வேகத்தில் ஓட்டினார். அப்போ மெதுவா, கனமா விழுவது போல் தெரிந்தது.

1945-இல் குண்டு வீச்சில் டோக்கியோ நிஜமாவே எரிந்திருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் ஒன்பது வருஷம் கழித்து இந்தப் படத்தையும் பார்த்தார்கள். அவங்களுக்கு இது வெறும் பொம்மை விளையாட்டாவா தெரிந்திருக்கும்?

சுபுராயா 1963-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1966-இல் குழந்தைகளுக்குப் பிடித்த அல்ட்ராமேன் தொடரைத் தந்தார். 1970 ஜனவரி 25 அன்று மறைந்தார். 2024-இல் ஒரு காட்ஸில்லா படம் காட்சி நுட்பத்துக்காக ஆஸ்கர் பரிசு வாங்கியது. அந்தப் பரிசை வாங்கிய முதல் ஜப்பானியப் படம் அதுதான்.

தோழர்களே, போரைப் பெருமையாகக் காட்டியதும் அதே கைதான், குண்டின் கொடுமையைக் காட்டியதும் அதே கைதான். திறமை இருந்தா மட்டும் போதாது. அதை எதுக்குப் பயன்படுத்துறோம் என்பதையும் யோசிக்கணும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி