காலரா நச்சைக் கண்டறிந்த கொல்கத்தா மருத்துவர்: சம்பு நாத் டேயின் வாழ்க்கை

கொல்கத்தா: வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் புகட்டினால் உயிர் பிழைக்கும் என்பது இன்று பெரும்பாலான தாய்மார்கள் அறிந்த செய்தி. நோயின்போது உடலிலிருந்து நீர் வெளியேறுவது ஏன் என்பதைக் கொல்கத்தாவின் எளிய ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து விளக்கியவர் மருத்துவர் சம்பு நாத் டே.

மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915 பிப்ரவரி 1-ஆம் தேதி எளிய குடும்பத்தில் பிறந்த அவர், கல்வி உதவித்தொகையின் துணையுடன் பயின்று, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1947-இல் லண்டன் சென்று நோயியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டார். 1949-இல் தாயகம் திரும்பி, காலரா ஆய்வில் முழுமையாக ஈடுபட்டார்.

காலராவை உண்டாக்கும் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884-இல் இதே கல்கத்தாவில் உறுதிசெய்திருந்தார். கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்றும் அவர் கருதினார். ஆயினும், எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நச்சை எவராலும் மெய்ப்பிக்க இயலவில்லை. கிருமியை விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்ததே தோல்விக்கு முக்கியக் காரணமாக இருந்தது.

நோயாளியின் குடலில் நிகழ்வதைக் குடலிலேயே ஆராய வேண்டும் என்று டே முடிவு செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிரம்பி வீங்கியிருந்தது. 1953-இல் வெளியான இந்த எளிய முறை, பின்னர் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பின்பற்றப்பட்டது.

அதே முறையில், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றான இ.கோலை கிருமியின் சில வகைகளையும் அவர் 1956-இல் ஆராய்ந்தார். 1959-இல், கிருமிகள் முற்றிலும் வடிகட்டி நீக்கப்பட்ட திரவமும் குடலில் நீரைப் பெருகச் செய்வதை நிரூபித்தார். கிருமி சுரக்கும் நச்சே நோய்க்குக் காரணம் என்ற முடிவு நேச்சர் இதழில் வெளியானது.

நோயாளியைக் கொல்வது நீரிழப்பே என்பதால், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தால் உயிர் காக்கலாம். நச்சு தாக்கிய குடலும் சர்க்கரையுடன் சேர்ந்த உப்பை உறிஞ்சும் திறனை இழப்பதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கிய பங்கான் முகாமில், கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் வழங்கினார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே குறைந்தது.

ஆனால் சம்பு நாத் டேக்குத் தாயகத்தில் உரிய அங்கீகாரம் வாழ்நாளில் கிட்டவில்லை. நாட்டின் முக்கிய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவரது பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1973-இல் பணி ஓய்வு பெற்ற அவரை, காலரா குறித்த கருத்தரங்குக்கு நோபல் அறக்கட்டளை 1978-இல் அழைத்தது. 1985 ஏப்ரல் 15-ஆம் தேதி அவர் காலமானார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், கரண்ட் சயின்ஸ் இதழ் அவரது நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாமல், ஓஆர்எஸ் கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். மருத்துவர் ஆலோசனைப்படி 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரை அளிக்க வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். கண்கள் குழிவிழுதல், சோர்ந்து கிடத்தல், நீர் அருந்த இயலாமை, மலத்தில் ரத்தம் ஆகியவை தென்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அவசியம். சோப்பினால் கை கழுவுதல், தூய குடிநீர், ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து ஆகியவை நோயை முன்கூட்டியே தடுக்க உதவும்.