தொப்பிக்கடியில் தீத்திரி... தலைக்கு 100 பவுண்டு! ஊரே திருவிழா எடுக்கும் கடற்கொள்ளையன் 'பிளாக்பியர்டு' யார்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே நடக்கும் கடற்கொள்ளையர் திருவிழா ரொம்பவே பிரபலம். முக்கோணத் தொப்பி, இடுப்பில் வாள், முழங்கால் வரை பூட்ஸ் என 300 வருஷத்துக்கு முந்தைய கெட்டப்பில் ஆட்கள் கரையில் சுற்றுவார்கள். ஒற்றைக் கண்ணைத் துணியால் மறைத்துக் கட்டிய குட்டிக் கொள்ளையர்கள் அப்பா தோளில் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீரில் பாய்மரக் கப்பல்கள் ஒன்றையொன்று வளைத்து வந்து பீரங்கியால் சுடும். கரையில் நிற்கிற கூட்டம் கைதட்டும்.

இந்தப் போலிக் கடற்போரின் நாயகன், வில்லன் எல்லாமே ஒரே ஆள்தான். அவர் பெயர் பிளாக்பியர்டு, அதாவது 'கறுந்தாடி'. 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தின் 4-வது பாகத்தில் வந்த அதே பிளாக்பியர்டு. 'ஒன் பீஸ்' பார்க்கிறவர்களுக்கும் இந்தப் பெயர் புதுசு இல்லை.

சரி, நிஜத்தில் யார் இவர்? செத்து 300 வருஷம் தாண்டியும் ஏன் விழா எடுக்கிறார்கள்? அந்தப் பீரங்கிச் சத்தத்தில் நம் காதில் விழாமல் போகும் கதை எது? பார்க்கலாம்.

வேலை போன மாலுமிகள்

இவரது உண்மையான பெயர் எட்வர்ட் டீச். பழைய ஆவணங்களில் 'தாட்ச்' என்றும் இருக்கிறது. சொந்த ஊர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் என்று சொல்லப்படுகிறது. பிறந்தது 1680-ஐ ஒட்டிய காலம் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கணிப்பு.

அந்தக் காலத்தில் கொள்ளையிலேயே இரண்டு வகை உண்டு. எதிரி நாட்டுக் கப்பலைப் பிடிக்க அரசே தனியாருக்கு அனுமதிக் கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதத்தோடு கொள்ளையடித்தால் அது தேசபக்தி. கடிதம் இல்லாமல் அதே வேலையைச் செய்தால் தூக்கு! இங்கிலாந்துக்கும் பிரான்ஸ், ஸ்பெயினுக்கும் நடந்த போர் 1713-ல் முடிவுக்கு வந்தது. அனுமதிக் கடிதங்கள் செல்லாக்காசு ஆயின. ஆயிரக்கணக்கான மாலுமிகள் வேலை இல்லாமல் நின்றார்கள். கையில் இருந்தது ஒரே தொழில், கப்பலை மடக்குவது.

அப்படிப்பட்டவர்கள் கூடிய இடம் பஹாமாஸ் தீவுகளில் இருக்கும் நசாவ் துறைமுகம். 1716 வாக்கில் அங்கே பெஞ்சமின் ஹார்னிகோல்ட் என்ற கொள்ளையர் தலைவனிடம் டீச் சேர்ந்தார். சீக்கிரமே தனிக் கப்பலுக்குத் தலைவர் ஆகிவிட்டார்.

1717-ல் இன்னொரு சுவாரஸ்யமான ஆள் வந்து சேர்ந்தார். பார்படோஸ் தீவின் பணக்காரப் பண்ணையார் ஸ்டீட் பானட். கொள்ளையடிப்பதற்காகச் சொந்தக் காசில் கப்பல் வாங்கிய மனிதர்! ஆனால் கப்பலை நடத்தத் தெரியாது. அந்தக் கப்பலின் பொறுப்பும் டீச் கைக்கே வந்தது.

516 பேரை ஏற்றிய கப்பல்

டீச்சின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் 1717 நவம்பரில் நடந்தது. கரீபியன் கடலில் மார்டினிக் தீவை நோக்கி வந்துகொண்டிருந்த 'லா கான்கார்டு' என்ற பிரெஞ்சுக் கப்பலை அவரது ஆட்கள் மடக்கினார்கள். பெரிய எதிர்ப்பே இல்லை. காரணம், கப்பலில் இருந்த மாலுமிகளில் 16 பேர் வழியிலேயே இறந்துவிட்டார்கள். இன்னும் பலர் நோயில் படுத்திருந்தார்கள்.

அந்தக் கப்பல் ஏற்றி வந்த 'சரக்கு' என்ன தெரியுமா? மனிதர்கள். ஆப்பிரிக்காவில் அடிமைகளாக ஏற்றப்பட்டவர்கள் 516 பேர். கடல் பயணத்திலேயே 61 பேர் இறந்துபோனார்கள்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் நாயகன் சங்கிலியை உடைத்து எல்லோரையும் விடுவித்திருப்பார். நிஜத்தில் அது நடக்கவில்லை. டீச்சுக்குத் தேவைப்பட்டது பெரிய கப்பல். பெக்வியா என்ற சின்னத் தீவில் அடிமைகளையும் பிரெஞ்சு மாலுமிகளையும் இறக்கிவிட்டு, கப்பலை எடுத்துக்கொண்டார். மருத்துவர்கள், தச்சர்கள், சமையல்காரர் என உபயோகமான ஆட்களையும் பிடித்து வைத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு சிறிய கப்பலை பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் அந்தக் கப்பலிலேயே அடிமைகளை மார்டினிக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதாவது, அந்த மக்கள் போகவேண்டியிருந்த அதே அடிமைச் சந்தைக்கு!

லா கான்கார்டுக்கு 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்' என்று பெயர் மாறியது. 40 பீரங்கிகள் கொண்ட கப்பல் என்று அதன் பேர் கடலெங்கும் பரவியது.

பயம்தான் ஆயுதம்

கறுந்தாடி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அந்த உருவம்தான். நெஞ்சு வரை தொங்கும் தாடி, அதில் ரிப்பன் கட்டிய பின்னல்கள். மெதுவாக எரியும் சணல் திரிகளைத் தொப்பிக்கடியில் செருகி, முகத்தைச் சுற்றிப் புகை கிளம்ப வந்து நிற்பார் என்பது கதை. இதை எழுதிவைத்தது 1724-ல் லண்டனில் வெளியான கடற்கொள்ளையர் வரலாற்றுப் புத்தகம். எழுதியவர் பெயர் கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்று அட்டையில் இருக்கும். ஆனால் அது புனைபெயர் என்பதே ஆய்வாளர்கள் கருத்து.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். கடைசிச் சண்டைக்கு முன்பு டீச் யாரையாவது கொன்றார் என்பதற்கு நம்பகமான ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. இதில் தொழில் கணக்கும் இருக்கிறது. சண்டை போட்டால் சொந்த ஆட்கள் சாவார்கள், கப்பல் உடையும், சரக்கு வீணாகும். பார்த்ததுமே எதிராளி பயந்து பாயை இறக்கிவிட்டால் எல்லாமே லாபம். அதனால் தன் பெயரையே ஆயுதமாக ஆக்கிக்கொண்டார் டீச்.

ஒரு மருந்துப் பெட்டிக்காக முற்றுகை

1718 மே மாதம் அந்தப் பயத்தின் உச்சம். தெற்கு கரோலினாவின் முக்கியத் துறைமுகமான சார்ல்ஸ்டனை 4 கப்பல்களோடு வந்து மறித்தார் டீச். சுமார் ஒரு வாரம் எந்தக் கப்பலும் உள்ளே போக முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. பிடிபட்ட கப்பல்களில் இருந்தவர்கள் பணயக் கைதிகள் ஆனார்கள். அவர்களில் சாமுவேல் ராக் என்ற ஆளுநர் சபை உறுப்பினரும் ஒருவர்.

இவ்வளவும் பண்ணிவிட்டு அவர் கேட்டது தங்கமோ வெள்ளியோ இல்லை. ஒரு பெட்டி மருந்து! தராவிட்டால் கைதிகளின் தலை வரும் என்ற மிரட்டல் ஊருக்குள் போனது. மருந்து வந்தது. கைதிகளின் பணத்தையும் நல்ல துணிமணிகளையும் உருவிக்கொண்டு உயிரோடு அனுப்பிவைத்தார்கள்.

எதற்கு அவ்வளவு அவசரமாக மருந்து? பிற்காலத்தில் அவரது கப்பலின் இடிபாட்டில் ஒரு துப்பு கிடைத்தது. சிறுநீர்ப் பாதையில் மருந்து செலுத்தும் சிரிஞ்சு, அதில் பாதரசத்தின் தடயம். அந்தக் காலத்தில் பால்வினை நோய்க்குப் பாதரசம்தான் வைத்தியம்!

அடுத்த சில நாட்களிலேயே வட கரோலினாவின் போஃபோர்ட் அருகே குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச் மணல் திட்டில் தட்டி நின்றது. பங்கு கேட்கும் ஆட்களைக் கழற்றிவிட டீச்சே வேண்டுமென்று செய்த வேலை என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. ஏனென்றால் கொள்ளைப் பொருளோடு நெருங்கிய சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு அவர் நழுவிவிட்டார்.

மன்னிப்பு, சர்க்கரை, ஒரு பழைய பகை

சரணடையும் கொள்ளையர்களுக்கு மன்னிப்பு என்று மன்னர் முதலாம் ஜார்ஜ் 1717-ல் அறிவித்திருந்தார். அதைப் பயன்படுத்தி வட கரோலினா ஆளுநர் சார்லஸ் ஈடனிடம் மன்னிப்பு வாங்கி, பாத் என்ற சின்ன ஊரில் குடியேறினார் டீச். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. சர்க்கரை ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல் ஒன்றைக் கொண்டுவந்து, ஆளில்லாமல் மிதந்தது என்று கணக்குக் காட்டினார். ஆளுநருக்கு 60 பெரிய பீப்பாய் சர்க்கரை போனதாக அந்த 1724 புத்தகம் சொல்கிறது.

பக்கத்துக் காலனியான வர்ஜீனியாவின் ஆளுநர் அலெக்சாண்டர் ஸ்பாட்ஸ்வுட்டுக்கு இது பொறுக்கவில்லை. டீச்சின் தலைக்கு 100 பவுண்டு வெகுமதி என்று முடிவானது. இன்னொரு காலனியின் எல்லைக்குள் படை அனுப்ப அவருக்கு அதிகாரமே கிடையாது. ஆனாலும் அனுப்பினார். கடற்படையின் போர்க்கப்பல்கள் ஆழம் இல்லாத நீரில் போகாது என்பதால், ஜேன், ரேஞ்சர் என்ற 2 சிறிய கப்பல்களை வாடகைக்கு எடுத்து, லெப்டினன்ட் ராபர்ட் மேனார்டு தலைமையில் சுமார் 60 பேர் கிளம்பினார்கள்.

இன்றும் நடிக்கப்படும் அந்தச் சண்டை

1718 நவம்பர் 22, காலை. இடம் வட கரோலினாவின் ஓக்ரகோக் தீவு. மேனார்டின் கப்பல்களில் பீரங்கி கிடையாது. டீச்சின் பீரங்கிகள் ஒரே வீச்சில் பலரைச் சாய்த்தன. மேனார்டு மிச்ச ஆட்களைக் கப்பலின் கீழ்த்தளத்தில் ஒளித்து வைத்தார். மேல்தளம் காலியாகக் கிடப்பதைப் பார்த்த டீச், எல்லாரும் தீர்ந்தார்கள் என்று நினைத்து அந்தக் கப்பலில் குதித்தார். ஒளிந்திருந்தவர்கள் வெளியே பாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. டீச்சின் உடம்பில் 5 குண்டுக் காயங்கள், சுமார் 20 வெட்டுகள்.

வெட்டிய தலையைக் கப்பலின் முன்பக்கக் கம்பத்தில் தொங்கவிட்டுத் திரும்பினார் மேனார்டு. பிறகு அது ஹாம்ப்டன் ஆற்றின் முகத்துவாரத்தில் கம்பத்தில் ஏற்றப்பட்டது. அந்த இடத்துக்கு இன்றும் 'பிளாக்பியர்டு பாயின்ட்' என்றுதான் பெயர். திருவிழா ஏன் ஹாம்ப்டனில் என்பதற்கு விடை இதுதான்.

போலிச் சண்டை நடத்துவது சாதாரண வேலை இல்லை. பீரங்கியில் குண்டு இருக்காது, ஆனால் வெடிமருந்து நிஜம். ஒவ்வொரு முறை சுட்டதும் ஈரத்துணி சுற்றிய கோலைக் குழாய்க்குள் விட்டுத் துடைக்கவேண்டும். உள்ளே ஒரு பொறி மிச்சம் இருந்தாலும் அடுத்த பொட்டலம் திணிக்கிறவர் கையிலேயே வெடிக்கும். தூரம், காற்று, சுடும் திசை எல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்கப்படும். இந்த ஆர்வலர்களில் பலர் தையல், முடிச்சு, வாள்வீச்சு என அந்தக் காலத்தைக் கற்றுக்கொண்டு வருகிறவர்கள்.

எல்லா விழாவுக்கும் பின்னால் நிஜ மனிதர் இருப்பார் என்றும் சொல்ல முடியாது. ஃபுளோரிடாவின் தாம்பா நகரில் 1904 முதல் கொண்டாடப்படும் காஸ்பரில்லா விழாவின் நாயகன் ஹோசே காஸ்பர் வாழ்ந்ததற்கு ஆதாரமே கிடையாது. அந்த விதத்தில் டீச்சின் கதைக்குக் கடலுக்கடியிலேயே சாட்சி இருக்கிறது. 1996-ல் போஃபோர்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட இடிபாடு அவரது கப்பல்தான் என்று 2011-ல் உறுதியானது. பீரங்கிகள், 1705 என்று பொறித்த மணி, கொஞ்சம் தங்கத் துகள், ஒரு பீரங்கிக்குள் 1712-ல் அச்சான கடற்பயணப் புத்தகத்தின் காகிதத் துணுக்குகள் எல்லாம் அதில் கிடைத்தன.

கைதட்டலில் மறைவது என்ன?

டீச் தனிக் கப்பலோடு கடலைக் கலக்கியது மொத்தமே சுமார் 2 வருஷம்தான். மேடையில் நடப்பது அதில் கடைசி ஒரு காலைப் பொழுது மட்டும். லா கான்கார்டு ஒரு பீரங்கிச் சண்டைக்குப் பொருந்தாத காட்சி. அங்கே வீரம் இல்லை, வெற்றி இல்லை.

பிடிபட்ட டீச்சின் ஆட்களில் 5 பேர் கறுப்பினத்தவர். பிடிபட்டவர்களில் பெரும்பாலானோர் வில்லியம்ஸ்பர்க்கில் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்கள். கப்பலில் சிலர் கூட்டாளிகளாக வாழ்ந்தார்கள், அதே கப்பலில் வந்த நூற்றுக்கணக்கானோர் மறுபடி அடிமைகள் ஆனார்கள். இரண்டுமே டீச்சின் கதைதான்.

ஹாம்ப்டனுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1619-ல், ஆங்கிலேயர்களின் வட அமெரிக்கக் குடியேற்றத்துக்கு ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிய முதல் கப்பல் வந்து நின்ற 'பாயின்ட் கம்ஃபர்ட்' இதே நகரத்தில்தான் இருக்கிறது. அந்த 20 சொச்சம் பேரைக் கொண்டுவந்தவர்கள் யார்? அனுமதிக் கடிதம் வைத்திருந்த ஆங்கிலேயக் கடல் வேட்டைக்காரர்கள். போர்ச்சுகீசிய அடிமைக் கப்பலை மடக்கி அவர்களைப் பிடித்தார்கள். கிட்டத்தட்ட 100 வருஷம் கழித்து டீச் செய்ததும் அதே மாதிரி வேலைதான்.

ஆக, பிளாக்பியர்டின் தலை தொங்கிய இடமும், அந்த மனிதர்கள் கரையேறிய இடமும் ஒரே ஊரில். தாடியும் புகையும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், குழந்தைகள் ரசிக்கட்டும். வீட்டுக்குப் போகிற வழியில் அந்த 516 பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவர்கள் தெரிந்துகொள்வது முழுக் கதையாக இருக்கும்.