சுழலும் விண்மீனும் சந்திரசேகரும்

எமது புசல்லாவையில் மூடுபனி விலகிய இரவுகளிலே வானத்தை நோக்குவோர்க்கு விண்மீன்கள் அசையாது நிற்பனவாகவே தோன்றும். ஆயின் அவை சுழல்கின்றன, துடிக்கவும் செய்கின்றன. அவ்வாறு சுழலும் விண்மீன் நிலைகுலையாது நிற்குமா என ஆராய்ந்தவர் தமிழ்ப் பேரறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்கள்.

அன்னார் 1910 ஒக்டோபர் 19ஆம் நாள் லாகூரிலே பிறந்தார். அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியவர். சேர் சி. வி. இராமன் சிறிய தந்தையார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1930இல் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் திணிவு சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால் அது வெண்குறளியாக நிலைத்திருக்க இயலாது என்னும் முடிவுக்கு வித்திட்டது அக்கப்பற் பயணமே. 1935இல் இலண்டன் வானியற் சபையிலே எடிங்டன் அம்முடிவை ஏளனஞ் செய்தார். இளைஞர் சந்திரசேகர் பகை பாராட்டவில்லை. 1939இல் தம் ஆராய்ச்சியை நூலாக்கிவிட்டு வேறு துறை நாடினார்.

நம்மவர் பெரும்பாலும் இக்கதையோடு நின்றுவிடுவர். பிற்காலப் பணி இதற்குச் சிறிதும் குறைந்ததன்று என்பது அடியேன் கருத்து.

1937 முதல் சிக்காக்கோ பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த அவர், ஐம்பது வயது கடந்தபின் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கையிற் புகுந்தார். நியூட்டன் கணக்கில் உறுதியாக நிற்கும் விண்மீனும் இக்கொள்கைப்படி சரிந்துவிடக் கூடும் என்று 1964இல் காட்டினார்.

1970இல் வெளியிட்ட முடிவோ வியப்புக்குரியது. விண்மீனின் மேனியில் ஓரலை சுழற்சிக்கு எதிராக ஓடுகிறது என்று கொள்வோம். மாவலி வெள்ளத்தை எதிர்த்து நீந்துபவன் கீழ்நோக்கியே அடித்துச் செல்லப்படுவதுபோல, அவ்வலையும் சுழற்சியின் திசையிலேயே இழுபட்டுச் செல்லும். அசையும் அத்திணிவு ஈர்ப்பலைகளை வெளிவிடும். சக்தி கழிந்தால் அசைவு அடங்கவேண்டுமல்லவா? இங்கே நேர்மாறு! ஈர்ப்பலை கொண்டேகுவது முன்னோக்கிய கோண உந்தம்; மேனியலைக்கு உரியதோ பின்னோக்கியது. எனவே அலை மேலும் வளர்கிறது. சீரான அடர்த்தியுடைய விண்மீனுக்கு அவர் கண்ட இதனை, பிரீட்மன், ஷுட்ஸ் இருவரும் 1978இல் சுழலும் விண்மீன்கள் அனைத்துக்கும் விரித்தனர். விண்மீனின் பாகுத்தன்மை அவ்வளர்ச்சியைத் தடுப்பதும் உண்டு.

1983இல் நோபெல் பரிசு கிடைத்தது. எண்பது வயதிலும் இத்தாலிய அறிஞர் வலேரியா பெராரியுடன் விண்மீன்களின் அலைவு பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1995 ஓகஸ்ட் 21ஆம் நாள் சிக்காக்கோவிற் காலமானார். கருந்துளைகள் இரண்டு மோதியெழுந்த ஈர்ப்பலை 2015இல் பூமியிற் பதிவாயிற்று. அவர் கணித்த, சுழலும் விண்மீனின் அலையோ இன்னும் எக்கருவியிலும் அகப்படவில்லை.