சொற்களை உறவுபடுத்தியவர்

அகராதியைப் புரட்டுபவர் சொல்லை முன்பே அறிந்திருப்பார்; அதன் பொருளையே தேடுவார். சொல்ல வேண்டிய கருத்து நெஞ்சில் தெளிவாக இருந்தும், அதற்குரிய சொல் நாவுக்கு எட்டாத நிலையும் உண்டு. அப்போது அகரவரிசை கைகொடுப்பதில்லை. கருத்திலிருந்து சொல்லுக்குச் செல்லும் வழியை ஆங்கில மொழியில் விரிவாக அமைத்துத் தந்தவர் பீட்டர் மார்க் ரோஜே. அவர் மொழிப் பேராசிரியர் அல்லர், மருத்துவர்.

ரோஜே 1779ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை ஜெனீவாவிலிருந்து வந்த சமயப் போதகர். மகனுக்கு ஐந்து வயது நிரம்பும் முன்பே தந்தை இறந்துவிட, தாய் கேத்தரின் பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். தாய்மாமன் சாமுவேல் ரோமில்லி தந்தையின் இடத்தில் நின்று காத்தார். சிறு குற்றங்களுக்கும் மரண தண்டனை விதித்த ஆங்கிலச் சட்டங்களை மாற்றப் போராடிய வழக்கறிஞர் அவர். சிறுவயதிலேயே பொருள்களையும் சொற்களையும் வகைப்படுத்திக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் ரோஜேயிடம் வேரூன்றியது. எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1798இல் தம் பத்தொன்பதாம் வயதில் பட்டம் பெற்றார்.

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு ஆசிரியராக ஐரோப்பியப் பயணம் சென்றபோது பேரிடர் ஒன்று குறுக்கிட்டது. 1803இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் இருந்த ஆங்கிலேய ஆடவரைச் சிறைப்பிடிக்க நெப்போலியன் ஆணையிட்டார். அப்போது பிரான்சின் பிடியில் இருந்த ஜெனீவாவில் ரோஜே தங்கியிருந்தார். தந்தை அந்நகரில் பிறந்தவர் என்பதைச் சான்றுகளால் மெய்ப்பித்து, ஜெனீவாக் குடிமகன் என்னும் தகுதியைப் பெற்று, மாணவர்களுடன் தப்பி வெளியேறினார். ஆங்கிலேயர் என்ற பெயர் சிறைக்கு வழிகாட்ட, ஜெனீவாக் குடிமகன் என்ற பெயர் விடுதலை தந்தது.

மான்செஸ்டர் மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில், 1805இல், ஆங்கிலச் சொற்களைக் கருத்தின் அடிப்படையில் தொகுத்துச் சிறிய பட்டியல் ஒன்றை முடித்தார். தம் எழுத்துப் பணிக்குத் துணையாக அமைத்த அப்பட்டியலை அவர் அச்சிடவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகள் அறிவியலுக்கே சென்றன. எண்களின் அடுக்குகளையும் மூலங்களையும் கணிக்கும் நழுவுகோல் ஒன்றை வடிவமைத்தார். 1815இல் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். வேலிக் கம்பிகளின் இடைவெளியில் பார்க்கும்போது, உருளும் சக்கரத்தின் ஆரக்கால்கள் வளைந்து தோன்றுவது ஏன் என ஆராய்ந்து 1824இல் கட்டுரை வழங்கினார். திரைப்பட வரலாற்றை எழுதுவோர் இன்றும் அக்கட்டுரையைக் குறிப்பிடுகின்றனர்.

இழப்புகளும் அவரைத் தொடர்ந்தன. 1818இல் மனைவியின் மறைவைத் தாங்க இயலாத ரோமில்லி, சில நாள்களிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு மருத்துவம் பார்த்துவந்த ரோஜேயால் அவரைக் காக்க இயலவில்லை. 1833இல் மனைவி மேரியும் மறைந்தார். இத்தனைக்கும் நடுவில் ராயல் கழகத்தின் செயலர் பொறுப்பை 1827 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தார்.

1848இல் அப்பொறுப்பிலிருந்து விடுபட்டபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. பிறர் ஓய்வை நாடும் அந்த வயதில் பழைய பட்டியலைக் கையில் எடுத்தார். இடைவிடாத உழைப்புக்குப் பின் 1852இல் இலண்டன் லாங்மன் பதிப்பகத்தின் வழியே ‘தெசாரஸ்’ வெளிவந்தது. கிரேக்க மொழியில் அப்பெயருக்குக் கருவூலம் என்பது பொருள்.

அருவ உறவுகள், இடம், பருப்பொருள், அறிவு, விருப்பாற்றல், உணர்வு என ஆறு பெரும்பிரிவுகள். அவற்றின்கீழ் ஆயிரம் தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பிலும் பெயர், வினை, பெயரடை, வினையடை எனச் சொற்கள் இலக்கண வகையால் பிரிந்து நிற்கும். ஒளி என்னும் தலைப்பில் ரே, பீம், க்ளீம் ஆகியன பெயர்களாகவும், ஷைன், க்ளோ, க்ளிட்டர் ஆகியன வினைகளாகவும், லூமினஸ் முதலியன பெயரடைகளாகவும் அமையும். அதனை அடுத்து, எதிர்ப்பொருளான இருள் இடம்பெறும். இப்பகுப்பு வெறும் இலக்கண ஒழுங்குக்காக அன்று. ஆங்கிலத்தில் லைட் என்னும் ஒரே வடிவம் ஒளி என்னும் பெயராகும். விளக்கேற்று என்னும் வினையாகும். எடை குறைந்த என்னும் பெயரடையும் ஆகும். தமிழ் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலோ சொல் எந்த வகையில், எந்தச் சொற்களோடு நிற்கிறது என்பதைக் கண்டே பொருளைத் துணிய வேண்டும். எடை குறைந்த லைட்டை ரோஜே ஒளியின் அருகே வைக்கவில்லை. எடையின்மை என்னும் வேறு தலைப்பில் வைத்தார்.

அந்நூல் சொற்களுக்குப் பொருள் கூறுவதில்லை. ஒருபொருட் சொற்களாகத் தோன்றுவனவற்றின் நுண்ணிய வேறுபாடுகளை விளக்குவது தனித்துறை எனக் கூறி, ரோஜே அதில் இறங்கவில்லை. ஷைன் பொதுவான ஒளிர்வு. க்ளோ சுவாலையின்றிக் கனலும் ஒளி. க்ளிட்டர் சிதறி மின்னும் ஒளி. மூன்றும் அருகருகே நிற்கும். ஒப்பிட்டுத் தேர்வது படிப்பவரின் கடமை. கிடைத்ததை எடுத்து எழுதுவோர் இந்நூலால் கெடுவதும், எடைபோட்டு எழுதுவோர் வளர்வதும் இதனால்தான்.

கருத்தின் அடிப்படையில் சொற்களைத் தொகுக்கும் முறை இந்திய மரபுக்குப் புதிதன்று. வடமொழி அமரகோசத்தைக் கோல்புரூக்கின் மொழிபெயர்ப்பு வழியே அறிந்திருந்த ரோஜே, அதன் பகுப்பு குறைபாடும் குழப்பமும் உடையது எனக் கருதினார். மனப்பாடம் செய்வதற்கெனச் செய்யுளில் ஆக்கப்பட்ட நூலை, எழுதுவோருக்கான கையேட்டின் அளவுகோலால் அளந்தது முழு நியாயமாகாது. நம் திவாகர நிகண்டும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பன்னிரு தொகுதிகளாகச் சொற்களைத் தொகுத்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நிகண்டு பண்பையும் செயலையும் பெயர்த்தொகுதிகளாகவே அமைத்தது. ரோஜே ஒரே கருத்தின்கீழ்ப் பெயரையும் வினையையும் அடைகளையும் அருகருகே நிறுத்தினார்.

நூல் பலமுறை மறுபதிப்புக் கண்டது. முதுமையிலும் ரோஜே புதிய சொற்களைச் சேர்த்துத் திருத்திவந்தார். 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், வெஸ்ட் மால்வெர்னில் காலமானார். மகன் ஜான் லூயிஸ் ரோஜே பணியைத் தொடர்ந்து, நூலின் இறுதியிலுள்ள அகரவரிசைச் சொல்லடைவைப் பெரிதும் விரித்து 1879இல் வெளியிட்டார். ஆறு பிரிவுகளின் வழியே கருத்தைத் தேடிச் செல்வோர் இன்று சிலரே. பெரும்பாலோர் அந்தச் சொல்லடைவின் வழியாகவே நூலுக்குள் நுழைகின்றனர்.