ஆர். கே. சேகர்

1933-இல் பிறந்த ஆர். கே. சேகர் அவர்கள் தமிழரேனும், பெயர் பெற்றது மலையாளத் திரையிசையிலேயாம். 1964-இல் வெளிவந்த பழசிராஜா அன்னார் இசையமைத்த முதற்படம். ஆயினும் நாம் பெரிதும் வியப்பது, எம். கே. அர்ஜுனன் போன்றோர் இயற்றிய மெட்டுகளுக்கு அன்னார் இசைக்கோப்புச் செய்த திறனையே. வயலினுக்கு ஒரு வரி, குழலுக்கு ஒரு வரி எனத் தனித்தனியே எழுதி, ஓரொலியின்மேல் மற்றோரொலியை அடுக்கினார். புகழோ மெட்டமைத்தவரையே சேர்ந்தது. இஃது உலகியல்பு போலும். மின்னிசைக் கருவிகளையும் விரும்பிச் சேர்த்தார். 1976-இல் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது 9. அக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. அவற்றிடையே வளர்ந்த அம்மகன் ஏ. ஆர். ரகுமான், சிந்தசைசரில் ஒரு கட்டையை அழுத்தப் பல ஒலிகள் ஒருங்கே எழுமாறு அமைக்கக் கற்று, 1992-இல் ரோஜாவுக்கு இசையமைத்தார்.