மெகல்லனும் கிராம்புத் தீவுகளும்

கிராம்பு என்பது மலர்வதற்கு முன் பறிக்கப்பட்ட மொட்டு. வெயிலில் உலர்ந்ததும் அது சிற்றாணி போன்ற வடிவத்தையும் கரும்பழுப்பு நிறத்தையும் அடைகிறது. இன்று எல்லார் வீட்டு அடுக்களையிலும் இருக்கும் இப்பொருள், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தோனேசியாவின் கிழக்கே, மொலுக்கா எனப்படும் தீவுக்கூட்டத்தின் ஐந்து சிறு தீவுகளில் மட்டுமே விளைந்தது. சாவகரும் மலாய் மக்களும் அதனை மலாக்காத் துறைமுகத்திற்குக் கொண்டுவந்தனர். அங்கே குசராத்தி வணிகரும் தமிழ் வணிகரும் துணிகளைக் கொடுத்து அதனை வாங்கினர். பின்னர் அரபு வணிகர், வெனிசு நகரத்தார் எனப் பல கைகள் மாறி ஐரோப்பியச் சந்தையை அடைந்தபோது, அதன் விலை பன்மடங்கு உயர்ந்திருந்தது. இடையில் உள்ள கைகளை விலக்கி, விளையும் இடத்திற்கே கப்பலைச் செலுத்த வேண்டும் என்ற ஆசை ஐரோப்பிய அரசர்களைக் கடலை நோக்கித் திருப்பியது. அந்த ஆசையின் பின்னே சென்று உயிரையே இழந்தவர் பெர்டினாண்டு மெகல்லன்.

மெகல்லன் போர்ச்சுக்கல் நாட்டின் வடபகுதியில், 1480ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், லிஸ்பன் அரண்மனையில் அரசியின் பணிச்சிறுவராக வளர்ந்தார். வாஸ்கோ ட காமா கோழிக்கோடு சென்று 1499இல் திரும்பியபோது மெகல்லனுக்கு இருபது வயது இருக்கலாம். ஆறு ஆண்டுகள் கழித்து அவரும் படைவீரருள் ஒருவராக இந்தியாவுக்குக் கப்பலேறினார். மலபார்க் கரையிலும், குசராத்தின் தியூத் துறைமுகத்திற்கு அருகே 1509இல் நடந்த பெரும் கடற்போரிலும் போரிட்டார். 1511இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய போரிலும் பங்கேற்றார். அந்நகரில் வாழ்ந்த நினா சட்டு என்னும் தமிழ் வணிகர் போர்ச்சுக்கீசியருக்கு உதவிசெய்து, வெற்றிக்குப் பின் அவர்களிடம் உயர்பதவி பெற்றார் என்பதும் வரலாறு. மலாக்காவின் பழைய வணிகர் சிலருக்கு அந்த வெற்றி ஆதாயமாயிற்று. பலருக்கு அதுவே முடிவாயிற்று.

மெகல்லனின் பிற்கால வாழ்க்கையை வழிநடத்திய இருவர் மலாக்காவோடு தொடர்புடையவர்கள். ஒருவர் அவருடைய உற்ற நண்பர் பிரான்சிஸ்கோ செர்ராவ். மலாக்கா வீழ்ந்த பின் கிழக்கே சென்ற செர்ராவ், கப்பல் உடைந்தும் உயிர்தப்பி, கிராம்பு விளையும் தெர்னாத்தேத் தீவை அடைந்தார். அத்தீவின் சுல்தானுக்கு ஆலோசகராகி அங்கேயே தங்கிவிட்டார். அங்கிருந்து மெகல்லனுக்கு அவர் எழுதிய மடல்கள் தீவுகளின் வளத்தை வியந்து பேசின. தொலைவைச் சற்று மிகைப்படுத்தியும் கூறின. மற்றொருவர், மலாக்காவில் மெகல்லன் அடிமையாகப் பெற்ற இளைஞர். என்ரிக் என்று பெயரிடப்பட்ட அவர் மலாய் மொழி பேசுபவர். தம் சொந்தப் பெயரை அவர் இழந்துவிட்டார்; மொழியை இழக்கவில்லை.

தாயகம் திரும்பிய மெகல்லனுக்கு வரவேற்பு இல்லை. மொராக்கோவில் நடந்த போரில் முழங்காலில் காயமுற்று, வாழ்நாள் முழுதும் கால் சாய்த்தே நடந்தார். எதிரிகளோடு சட்டத்திற்கு மாறாக வணிகம் செய்தார் என்ற பழியும் எழுந்தது. ஊதியத்தைச் சிறிது உயர்த்தித் தருமாறு கேட்டபோது மன்னர் மானுவல் மறுத்துவிட்டார். மனம் கசந்த மெகல்லன் 1517இல் அண்டை நாடான ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தார். செவில் நகரில் பெயாத்ரிஸ் என்பவரை மணந்தார். ஆண் குழந்தையும் பிறந்தது.

அக்காலத்தில் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் 1494இல் செய்த உடன்படிக்கையின்படி, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே ஒரு கற்பனைக் கோடு கிழித்து உலகைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. கோட்டின் கிழக்கு போர்ச்சுக்கலுக்கு, மேற்கு ஸ்பெயினுக்கு. பங்கிடப்பட்ட நாடுகளில் வாழ்ந்த மக்களை எவரும் கேட்கவில்லை. மேற்கு நோக்கியே சென்றாலும் கிராம்புத் தீவுகளை அடையலாம் என்றும், அவை ஸ்பெயினின் பங்கில்தான் இருக்கின்றன என்றும் மெகல்லன் வாதிட்டார். பதினெட்டு வயதே ஆன ஸ்பெயின் மன்னர் சார்லசு 1518இல் அவருடைய திட்டத்தை ஏற்றார்.

1519 செப்டம்பர் 20 அன்று ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 270 பேர் இருந்தனர். என்ரிக் மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றார். அந்தோனியோ பிகாபெட்டா என்னும் இத்தாலியர் நாள்தோறும் நடந்தவற்றைக் குறித்துவந்தார். அக்குறிப்புகளே இப்பயணத்தை அறிய இன்று பெரிதும் உதவுகின்றன.

ஸ்பெயின் நாட்டுத் தலைவர்கள் போர்ச்சுக்கீசியரின் கீழ்ப் பணியாற்ற விரும்பவில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியில், கடுங்குளிருக்காக ஒதுங்கியிருந்த துறையில் அவர்கள் கலகம் செய்தனர். மெகல்லன் அதனை இரக்கமின்றி அடக்கினார். ஒரு தலைவர் கொல்லப்பட்டார். மற்றொருவரின் தலை வெட்டப்பட்டது. இன்னொருவர் அக்கரையிலேயே கைவிடப்பட்டார். மன்னிக்கப்பட்டவர்களுள் எல்கானோ என்ற மாலுமியும் ஒருவர். பின்னர் ஒரு கப்பல் கரையோரத்தில் உடைந்தது. 1520 அக்டோபர் 21 அன்று, நெடுநாள் தேடிய நீர்வழியின் வாயில் தென்பட்டது. மலைகளுக்கிடையே வளைந்து செல்லும் அக்குறுகிய நீரிணை இன்று மெகல்லன் நீரிணை எனப்படுகிறது. அதனுள் சென்றுகொண்டிருந்தபோதே, பெருமளவு உணவைச் சுமந்த கப்பல் ஒன்று நழுவி ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டது.

நவம்பர் 28 அன்று மீதமிருந்த மூன்று கப்பல்களும் புதியதொரு பெருங்கடலில் நுழைந்தன. அதன் அமைதியைக் கண்டு அதற்கு அமைதிப் பெருங்கடல் என்று பெயரிட்டனர். அதனை விரைவில் கடந்துவிடலாம் என மெகல்லன் எண்ணினார். அவருடைய கணக்கிலேயே பெரும் பிழை இதுதான். உலகின் மிகப் பெரிய கடலை அவர் சிறு கடலென மதிப்பிட்டிருந்தார். மூன்று மாதங்களுக்கும் மேலாகப் புதிய உணவு எதுவும் கிடைக்கவில்லை. ரொட்டி புழு அரித்துத் தூளாயிற்று. குடிநீர் மஞ்சளாகி நாறியது. பாய்மரக் கட்டைகளில் கயிறு தேயாதிருக்கச் சுற்றியிருந்த தோலை நான்கைந்து நாள் கடல்நீரில் ஊறவைத்து, நெருப்பில் வாட்டித் தின்றனர். எலி ஒன்று அரைப் பொற்காசுக்கு விலைபோயிற்று. ஈறுகள் வீங்கிப் பற்களை மூடியதால், கிடைத்ததையும் மெல்ல இயலாமல் 19 பேர் மாண்டனர். பழமும் கீரையும் இல்லாக் குறையால் வரும் ஸ்கர்வி நோய் அது என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

1521 மார்ச் மாதத்தில் குவாம் தீவும், அதன்பின் பிலிப்பைன்ஸ் தீவுகளும் தென்பட்டன. அங்கே ஒரு நாள் எட்டுப் பேர் அமர்ந்த படகொன்று கப்பலை நெருங்கியது. என்ரிக் அவர்களை மலாய் மொழியில் அழைத்தார். அவர்கள் அதனைப் புரிந்துகொண்டனர். அக்கடல்களில் பல நாட்டு வணிகருக்கும் மலாய் பொதுமொழியாக இருந்தது. மேற்கு நோக்கியே சென்று கீழ்த்திசையை அடைந்துவிட்டோம் என்பதை மெகல்லனுக்கு உணர்த்தியது வரைபடமோ திசைகாட்டியோ அன்று. ஓர் அடிமையின் வாய்ச்சொல்லும் அதற்குக் கிடைத்த மறுமொழியுமே.

கிராம்புத் தீவுகள் இனித் தொலைவில் இல்லை. எனினும் மெகல்லன் நேரே அங்குச் செல்லவில்லை. செபுத் தீவின் அரசர் ஹுமாபோனோடு நட்புக் கொண்டு, அருகில் இருந்த தலைவர்கள் அனைவரும் ஹுமாபோனுக்கும் ஸ்பெயின் மன்னருக்கும் பணிய வேண்டும் என்று கட்டளையிட்டார். வணிகம் தேடி வந்தவர் ஆட்சி செய்ய முற்பட்டார். மக்தான் தீவின் தலைவர் லாப்பு லாப்பு பணிய மறுத்தார். ஹுமாபோன் படையுதவி தர முன்வந்தும், வேடிக்கை பார்த்தால் போதும் என மெகல்லன் தடுத்துவிட்டார். ஏப்ரல் 27 விடியற்காலையில், பாறைகள் நிறைந்த ஆழமற்ற கடலில் 49 பேர் இறங்கித் தொடையளவு நீரில் கரைக்கு நடந்தனர். படகுகள் நெருங்க முடியாததால் பீரங்கிகள் பயன்படவில்லை. ஆயிரத்திற்கும் மேற்பட்ட மக்தான் வீரர்கள் எதிர்நின்றனர். கவசம் மறைக்காத கால்களைக் குறிவைத்து அவர்கள் தாக்கினர். தம்மவர் படகுக்குப் பின்வாங்கும்வரை எதிர்த்து நின்ற மெகல்லன் அங்கேயே வீழ்ந்தார். உடலைத் தருமாறு கேட்டும் லாப்பு லாப்பு தரவில்லை.

தாம் இறந்ததும் என்ரிக் விடுதலை பெற வேண்டும், அவருக்கு 10,000 மரவேதி நாணயம் கொடுக்கப்பட வேண்டும் என்று மெகல்லன் புறப்படுமுன்பே உயில் எழுதியிருந்தார். புதிய தலைவர்கள் அதனை மதிக்கவில்லை. அடிமையாகவே தொடர வேண்டும் என அச்சுறுத்தினர். மே 1 அன்று ஹுமாபோன் அளித்த விருந்துக்குச் சென்ற ஸ்பானியர் பலர் கொல்லப்பட்டனர். என்ரிக்கே அரசரைத் தூண்டினார் என்று பிகாபெட்டா குறித்துள்ளார். என்ரிக் தரப்பை எழுதியவர் எவருமில்லை.

எஞ்சியோர் ஒரு கப்பலை எரித்துவிட்டு, இரு கப்பல்களோடு நவம்பர் 8 அன்று கிராம்பு விளையும் திதோரேத் தீவை அடைந்தனர். எதிரே தெர்னாத்தேயில், நண்பரை எதிர்பார்த்திருந்த செர்ராவ் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். கிராம்பை ஏற்றிக்கொண்டு விக்டோரியா என்னும் கப்பல் மட்டும் ஆப்பிரிக்காவைச் சுற்றித் திரும்பியது. மற்றொன்று ஒழுகத் தொடங்கியதால் பின்தங்கிப் போர்ச்சுக்கீசியரிடம் சிக்கியது. வழியில் கேப் வெர்டே தீவில், தங்கள் கணக்கில் புதன்கிழமையாக இருந்த நாள் கரையில் வியாழக்கிழமையாக இருப்பதைக் கண்டு மாலுமிகள் திகைத்தனர். கதிரவனைப் பின்தொடர்ந்து மேற்கே உலகைச் சுற்றியதில் ஒரு நாள் குறைந்திருந்தது.

1522 செப்டம்பர் 6 அன்று விக்டோரியா ஸ்பெயினை அடைந்தபோது அதில் 18 ஐரோப்பியரே இருந்தனர். அது கொணர்ந்த 381 மூட்டைக் கிராம்பின் விலை, ஐந்து கப்பல்களுக்கும் ஆன செலவை ஈடுசெய்தது. கப்பலை நடத்திவந்த எல்கானோவுக்கு மன்னர் அளித்த குலச்சின்னத்தில் உலக உருண்டையும் கிராம்பும் இடம்பெற்றன. செவிலில் பெயாத்ரிசும் சிறுவனும் கப்பல் திரும்புவதற்கு முன்பே இறந்துபோயினர். என்ரிக்கிற்கென எழுதிவைத்த 10,000 மரவேதி நாணயம் அவரைச் சென்றடையவே இல்லை. செபுவிலிருந்து அவர் மலாக்காவுக்குத் திரும்பியிருந்தால், உலகை முதலில் முழுதாகச் சுற்றிவந்த மனிதர் அவரே ஆவார். விருந்து நடந்த நாளுக்குப் பின் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.